தகட்டின் முதுகில் ஒரு கோடு

கண்ணை மூடிக்கொண்டு சொல்லுங்கள் பார்க்கலாம்: நீங்கள் வேலை பார்க்கும் அலுவலகத்துச் சுவரில் தொங்குகிற படத்தில் மரம் இடப்பக்கம் இருக்கிறதா, வலப்பக்கமா? படமே ஞாபகம் இல்லையா? அதன் கீழேதான் தினமும் குடையை மாட்டுகிறீர்கள். அதற்கு நேரெதிரே உட்கார்ந்துதான் கோப்புகளில் கையெழுத்துப் போடுகிறீர்கள். இதெல்லாம் ஒரு கேள்வியா என்று தோன்றினால், ஆசிட்டம்மாவின் கதையைக் கேட்டுவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. பத்தொன்பது வருடமாகப் பெயர்ப்பலகைப் பட்டறையில் ஆசிட் தொட்டியோடு மல்லுக்கட்டியதில் அந்தப் பெயர் கரைந்துபோய் இதுதான் நிலைத்தது. பித்தளைத் தகட்டில் எழுத்தை வரைந்து, மற்ற இடத்தை அரக்குப் பூசி மறைத்து, ஆசிட்டில் இறக்கி, எழுத்துப் பள்ளமானதும் கறுப்பு மையை நிரப்பி, துடைத்துக் கொடுப்பது அவள் வேலை. ஊரில் எந்த வைத்தியர் எத்தனை பட்டம் வாங்கியிருக்கிறார், எந்த வக்கீல் வாங்காத பட்டத்தைப் போடச் சொன்னார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. விரல் நுனிகள் பத்தும் தேய்த்தாலும் போகாத பழுப்பு. தையல் வேலை செய்யும் அவள் வீட்டுக்காரர் வெள்ளைத் துணி தைக்கிற நாட்களில், "தாயே, அந்தப் பக்கமே இரு, துணியத் தொட்டுடாதே" என்று கும்பிடுவார்.

பட்டறையில் மிஞ்சும் செம்புத் துண்டுகளில் அவள் தனக்காக ஒன்று செய்துகொண்டிருந்தாள். நூலகத்தில் அட்டை கிழிந்து கிடந்த ஒரு கைநூலை வைத்துக்கொண்டு, வரைந்து அச்சடிக்கும் வேலையைத் தானே கற்றுக்கொண்டாள். கடைசல் பட்டறைக்காரரிடம் கெஞ்சி, கழித்துக்கட்டிய இயந்திரம் ஒன்றின் இரண்டு இரும்பு உருளைகளைக் கொண்டு ஓர் அழுத்துப்பொறி செய்து வாங்கி, பட்டறையின் பின்னறையில் வைத்திருந்தாள். முதலாளிக்கு அதில் கொஞ்சம் கேலி, கொஞ்சம் பெருமை. "எங்க ஆசிட்டம்மா படமெல்லாம் போடுவாங்க சார், மலை, மரம், எல்லாம்" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிக்கொள்வார்.

மலையும் மரமும்தான். ஆள் முகம் அவளுக்கு வராது. லீவு நாளில் மெழுகு பூசிய செம்புத் தகட்டையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு போவாள். எதிரே தெரிவதை நேராகத் தகட்டிலேயே கீறுவாள். ஊசி மெழுகைக் கீறிய இடத்தில் செம்பு தெரியும். ஆசிட்டில் போட்டால் அந்த இடம் மட்டும் அரிக்கும். மை தடவித் துடைத்து, ஈரக் காகிதத்தோடு உருளைக்குள் தள்ளினால் கோடு காகிதத்தில் ஏறும். இது முதல் பாதி.

இரண்டாவது பாதி நிழல். நுண்ணிய பிசின் தூளைத் தகட்டின் மேல் தூவி, அடியில் சூடு காட்டினால் தூள் உருகி ஒட்டும். பிறகு ஆசிட்டில் போட்டால் தூளுக்கு நடுவில் உள்ள இண்டு இடுக்குகளில் ஆயிரக்கணக்கான புள்ளிப் பள்ளங்கள் விழும். அத்தனையிலும் மை தங்கும். ஒரு நிமிடம் வைத்தால் தூரத்து மலையின் மங்கல். பத்து நிமிடம் வைத்தால் பாறை இடுக்கின் கும்மிருட்டு. வெளிச்சமாக இருக்க வேண்டிய இடத்தை அவ்வப்போது அரக்குப் பூசி மூடிக்கொண்டே போக வேண்டும்.

"கோடுன்னா, இது இங்க இருக்குன்னு சொல்றது. நிழல்னா, இது எப்படி இருக்குன்னு சொல்றது" என்று ஒருநாள் வீட்டுக்காரருக்கு விளக்கினாள்.

அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே யோசித்தார். "அப்ப நீ என்னத் திட்டறது கோடு. மூஞ்சியத் தூக்கி வச்சுக்கறது நிழல்."

"ரெண்டும் சேந்தாத்தான் படம்."

"அதான் நான் தினமும் பாக்கறேனே!"

ஊருக்கு வெளியே ஒரு கல்குவாரி. பாதி மலையைச் சீவி எடுத்தாகிவிட்டது. மிச்சப் பாதி நிமிர்ந்து நிற்கும். அதன் அடிவாரத்தில் தகரக் கொட்டகை. அதில் பதினேழு பேர் உட்கார்ந்து கல் தரம் பிரிப்பார்கள். வலப்பக்கம் கல்லரைக்கும் இயந்திரத்தின் கோபுரம், இடப்பக்கம் ஒரே ஒரு பெரிய மரம். அவளுடைய தம்பி அங்கே சரிவு பார்க்கிறவன். காலையில் மேலே ஏறி, எங்காவது பாறை நெகிழ்ந்திருக்கிறதா, மண் வாய் பிளந்திருக்கிறதா என்று நடந்து பார்த்துவிட்டு, இறங்கி வந்து பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. அந்த வேலையை நம்பித்தான் கீழே பதினேழு பேர்.

அந்த மலையை அவள் சாலைக்கு எதிர்ப்பக்கம் ஒரு மேட்டில் உட்கார்ந்து வரைந்தாள். மூன்று லீவு நாள் ஆயிற்று. தெரிகிற ஒவ்வொன்றையும் போட்டாள்: ஏணி, மின்கம்பி, கோபுரத்தின் இரும்புச் சட்டங்கள். மலையின் தோள்பட்டையிலிருந்து கொட்டகையை நோக்கிச் சாய்வாக ஒரு கோடும் தெரிந்தது. ஒற்றையடிப் பாதை என்று நினைத்துக்கொண்டாள். ஊசியை அழுத்தி ஒரே இழுப்பில் இறக்கினாள்.

முதல் அச்சை உருளையிலிருந்து உரித்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். கோபுரம் இடப்பக்கம் நின்றது, மரம் வலப்பக்கம். தகட்டில் வரைந்தது காகிதத்தில் பக்கம் மாறி விழும். அதனால் கண்ணாடியில் பார்த்து வரைய வேண்டும். முதல் பாடமே அதுதான். பார்க்கிற மும்முரத்தில் மறந்து தொலைத்துவிட்டாள். திருத்த வழியில்லை, வேறு தகடுதான் போட வேண்டும்.

அச்சு கொடியில் காய்ந்துகொண்டிருந்தபோது குவாரி மேலாளர் வந்தார். நிறுவனத்துக்குப் பித்தளைப் பலகை செய்யக் கொடுத்திருந்தார். அதைப் பார்க்க வந்தவர் பின்னறையில் எட்டிப் பார்த்தார்.

"அட, இது நம்ம மலை இல்ல?"

அவளுக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. பக்கம் மாறியிருப்பதை இப்போது சொல்லப்போகிறார் என்று காத்திருந்தாள். சொல்லவில்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கிட்டத்தில் போய் நின்றார். வெகுநேரம் பார்த்தார். பிறகு விரலை நீட்டி, தொடாமல், அந்தச் சாய்வுக் கோட்டின் மேல் மெதுவாக மேலிருந்து கீழே கொண்டுவந்தார்.

"ரொம்ப நல்லா இருக்கும்மா. இந்தக் கோடு மட்டும் கண்ணைக் குத்துது."

"அது பாதை சார்."

"பாதையா? ம்ம். பாதைதான். ஆனா படத்துக்கு எதுக்கு? அந்த இடத்துல கொஞ்சம் நிழல் போட்டு மெத்துனு விட்டீங்கன்னா மலை கம்பீரமா நிக்கும். கோட்ட எடுத்துட முடியுமா?"

"கஷ்டம் சார். ஆழமா அரிச்சிருக்கு."

"முடியாதுன்னு சொல்லலையே! எடுத்துட்டு அஞ்சு பிரதி குடுங்க. ஆபீஸ் முன்னறையில மாட்டறேன். இதையும் நான் எடுத்துக்கறேன், ஞாபகத்துக்கு." காயாத முதல் அச்சை அவரே கொடியிலிருந்து கழற்றிச் சுருட்டிக்கொண்டார்.

பத்தொன்பது வருடத்தில் அவளிடம் ஒருவர் கோட்டைப் பற்றியும் நிழலைப் பற்றியும் பேசியது அதுதான் முதல் தடவை. மனுஷனுக்கு என்ன கண், என்ன ரசனை என்று அன்றைக்கு வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். ரசனைக்காரர் கோபுரம் பக்கம் மாறி நிற்பதைக் கவனிக்காமல் விட்டது அவளுக்கு நிம்மதியாக இருந்ததே தவிர, விசித்திரமாகத் தோன்றவில்லை.

ஆழமாக அரித்த கோட்டை எடுப்பது லேசுப்பட்ட வேலையல்ல. சுரண்டியால் கோட்டின் இரு கரையையும் சீவி, மெருகுக் கம்பியால் தேய்த்துத் தேய்த்துச் சமன் செய்ய வேண்டும். அப்போது அந்த இடம் முழுக்கக் குழிந்துவிடும். குழியில் மை தேங்கும். அதனால் தகட்டைக் கவிழ்த்து இரும்புக் கட்டை மேல் வைத்து, முன்பக்கத்துக் குழிக்கு நேரே முதுகில் எந்த இடம் என்று தகட்டை இருபுறமும் கவ்வும் வளைகால் கவராயத்தால் அளந்து குறித்து, சின்னச் சுத்தியால் தட்டி மேலே எழுப்ப வேண்டும். கோடு போன வழியெல்லாம் தட்டினாள். நான்கு நாள். பிறகு பிசின் தூவி, தோள்பட்டை முழுக்க நிழலை இறக்கினாள். படம் உண்மையிலேயே அழகாகிவிட்டது. அவள் போட்டதிலேயே நல்ல நிழல் அதுதான். தேதி எழுதி, எண் போட்டு, ஐந்து பிரதி கொடுத்தாள்.

எட்டு மாதம் கழித்து, ஒரு காலை பத்து மணி வாக்கில், அவள் தொட்டியில் தகட்டை இறக்கிக்கொண்டிருந்தாள். ஆசிட் தளதளவென்று ஆடியது. குவாரியில் வெடி வைத்திருப்பார்கள் என்று நினைத்தாள். ஆனால் வெடிக்கு முன்னால் சங்கு ஊதும். ஊதவில்லை.

மலையின் தோள்பட்டை அப்படியே இறங்கியிருந்தது. கொட்டகை இருந்த இடத்தில் கொட்டகை இல்லை. பதினேழு பேரில் பதினொரு பேர் வெளியே ஓடிவந்திருந்தார்கள். ஆறு பேர் உள்ளே. அதில் ஒருத்தி தினமும் அவளோடு ஒரே பேருந்தில் வருகிறவள். முந்தின நாள்தான் மகளுக்குப் பல் முளைத்திருக்கிறது என்று சொல்லியிருந்தாள்.

மூன்று நாளாக மழை பெய்திருந்தது. "மழைதான் காரணம்" என்றார்கள். "எல்லாம் விதி" என்றார்கள். ஆறு பேர் செத்தால் விதியைக் கூப்பிடுவதற்கு யாருக்கும் கூச்சமே இருப்பதில்லை. விதிக்கு முகவரி கிடையாது, கைது செய்ய முடியாது, குறுக்கு விசாரணையும் கிடையாது. இதைவிட வசதியான குற்றவாளி எந்த முதலாளிக்கும் கிடைக்கமாட்டான்.

ஆனால் நிறுவனத்துக்கு விதி மட்டும் போதவில்லை. மறுநாளே அறிவிப்பு ஒட்டினார்கள்: சரிவில் எந்தக் குறையும் என்றைக்கும் இருந்ததில்லை, பதிவேட்டில் தினமும் 'மாற்றமில்லை' என்றே இருக்கிறது, அன்று காலை மட்டும் பதிவு இல்லை, சரிவு பார்க்க வேண்டியவர் தன் வேலையைச் செய்யவில்லை.

ஆறு பேரைக் கொன்றவன் என்று தம்பி மேல் வழக்குப் போட்டார்கள். ஜாமீனில் வந்து அக்கா வீட்டுச் சமையலறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். செத்தவர்களின் வீட்டுத் தெரு வழியாக அவனால் சொந்த வீட்டுக்குப் போக முடியவில்லை.

"காலையில மேல ஏறினேன்கா. ஒரு கை போற அளவுக்குப் பிளந்து கிடந்துச்சு. பதிவேட்டுல எழுதிக்கிட்டா நிப்பேன்? கத்திக்கிட்டே கீழ ஓடினேன். வாசல் பக்கம் இருந்தவங்க வந்துட்டாங்க. உள்ள மெஷின் சத்தம். அவங்களுக்குக் கேக்கல."

"அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லையாடா?"

அவன் தலை குனிந்தான். "இருந்துச்சு. மயிரிழையா ஒரு விரிசல், அதோரமா மண்ணு உதிர்ந்து வெளுத்துக் கிடக்கும். போன வருஷத்துலேர்ந்தே இருந்துச்சு. மூணு தடவ மேலாளர்கிட்டச் சொன்னேன். நான் பாத்துக்கறேன், நீ எழுதாதேன்னார். எழுதினா குவாரிய மூடிடுவாங்க, உனக்கும் வேலை இருக்காது, அந்தப் பதினேழு பேருக்கும் இருக்காதுன்னார்."

"நீ என்ன பண்ணின?"

"மாற்றமில்லைன்னு எழுதினேன். தினமும்."

வீட்டுக்காரர் தையல் இயந்திரத்தின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

"விரிசல் எங்கடா இருந்துச்சு?" என்று அவள் கேட்டாள்.

தரையில் சிந்தியிருந்த தண்ணீரில் விரலைத் தொட்டு அவன் மலையை வரைந்தான். வலப்பக்கம் கோபுரத்துக்கு ஒரு கோடு, இடப்பக்கம் மரத்துக்கு ஒரு சுழி. பிறகு தோள்பட்டையிலிருந்து கொட்டகையை நோக்கிச் சாய்வாக விரலை இறக்கினான்.

அந்த விரல் போன வழி அவளுக்கு மனப்பாடம். நான்கு நாள் சுரண்டிய வழி. நான்கு நாள் தேய்த்த வழி. முதுகில் சுத்தியால் தட்டித் தட்டி எழுப்பிய வழி.

"அக்கா? ஏன்கா இப்படி வேர்க்குது?"

"டேய், நீ எழுதாம விட்ட" என்றாள் அவள். "நான் எழுதினத அழிச்சேன்டா. அந்தாளு சொல்லி அழிச்சேன். நிழல் போடச் சொன்னான். நானும் ரசனைன்னு நெனச்சேன்."

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. கொடியில் தொங்கிய காகிதத்தின் முன் மேலாளர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டது திரும்பத் திரும்ப வந்தது. அவர் பார்த்தது படத்தை அல்ல. படத்தில் மலையையும் அல்ல. தம்பி மூன்று தடவை சொன்ன ஒன்று காகிதத்தில் ஏறி, அவர் ஆள் அல்லாத ஒருத்தியின் கையில் இருப்பதை. அந்த அதிர்ச்சியை அவர் எவ்வளவு அழகாக ரசனைப் பேச்சாக மாற்றிவிட்டார்! முதல் அச்சு இப்போது எந்த அடுப்பில் சாம்பலாகியிருக்குமோ! தகட்டிலோ கோடு இல்லை. தானே துடைத்தெறிந்துவிட்டாள்.

மறுநாள் காலை பின்னறைக்குப் போய்த் தகட்டை எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்தாள். நிழல் வழவழவென்று மின்னியது. ஒன்றுமில்லை. ஆத்திரத்தில் அதைக் கவிழ்த்து மேசையில் அறைந்தாள். முதுகில், தோள்பட்டையிலிருந்து கொட்டகை வரை, வரிசையாகச் சுத்தித் தழும்புகள். பக்கத்தில் கவராயம் குறித்த சின்னச் சின்ன வளைவுகள். எறும்பு போனதுபோல ஒரு சாய்வுக் கோடு.

விசாரணை ஒரு பள்ளிக்கூடத்துக் கூடத்தில் நடந்தது. அதிகாரி ஓய்வுபெற்ற பொறியாளர். சளி பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தார். நிறுவனத்தின் வக்கீலை அவளுக்குத் தெரியும். அவர் வீட்டு வாசல் பலகை அவள் செய்ததுதான். அவரும் அடையாளம் கண்டு புன்னகைத்தார். பிறகு அவள் சாட்சியாகக் கொண்டுவந்த தகட்டை வாங்கிப் பார்த்தார்.

"இதுல நீங்க சொல்ற கோடு எங்கம்மா?"

"திருப்பிப் பாருங்க சார்."

"ஓகோ. முதுகுலதான் படம் போடுவீங்களா?"

கூடத்தில் சிரித்தார்கள். அவள் சிரிப்பு அடங்கும்வரை நின்றாள். பிறகு சுரண்டுவதையும் குழியையும் சுத்தியையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அதிகாரி மூக்கைத் துடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"போன வாரம்கூட உக்காந்து தட்டியிருக்கலாமே?" என்றார் வக்கீல். "தம்பியக் காப்பாத்தணும்னா யாரும் சுத்தி எடுப்பாங்க."

"எடுப்பாங்க சார். ஆனா சுரண்டித் தட்டின இடத்துல நிழல் மத்த இடம் மாதிரிப் பிடிக்காது. ஒரு நூல் அளவு வெளுப்பா நிக்கும். சும்மா பாத்தாத் தெரியாது. அவங்க ஆபீஸ் முன்னறையில மாட்டியிருக்கற அச்ச எடுத்துட்டு வரச் சொல்லுங்க. எட்டு மாசம் முந்தின தேதி போட்டிருக்கேன். அதுலயும் அந்த வெளுப்பு இருந்தா, நான் போன வாரம் தட்டல."

மேலாளர் எழுந்தார். "கோடுன்னு ஒண்ணு இருந்ததே இல்ல ஐயா. இந்தம்மா கதை விடறாங்க. நான் படம் வாங்கினேன், மாட்டினேன், அவ்வளவுதான்."

ஆள் போய்ச் சட்டத்தோடு படத்தைக் கொண்டுவந்தான். மேல் விளிம்பில் விரற்கடைத் தூசி. அதிகாரி சட்டத்தின் கண்ணாடியைக் கழற்றி அச்சை வெளியே எடுத்து, தேதியைப் பார்த்து, பூதக்கண்ணாடியை வைத்தார். தகட்டின் முதுகும் காகிதமும் ஒரே பக்கம் பார்ப்பவை. அதனால் தகட்டைக் கவிழ்த்துப் பக்கத்தில் வைத்து அளக்க அவருக்குச் சிரமமே இருக்கவில்லை. சன்னல் பக்கம் சாய்த்தார். நிழலின் நடுவே நரைமுடி விழுந்ததுபோல மங்கலாக ஒன்று ஓடியது. தழும்பு திரும்பிய இடத்தில் அதுவும் திரும்பியது.

"இருக்கு" என்றார்.

வக்கீல் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் முந்திக்கொண்டார். "இருந்திருக்கலாம் ஐயா. இப்ப ஞாபகம் வருது. ஏதோ ஒரு கோடு, படத்துக்கு அசிங்கமா இருந்துச்சு. எடுத்துடுங்கன்னு ஒரு ரசனைக்காகச் சொன்னேன். அது ஒரு குத்தமா?"

"கொஞ்ச நேரம் முன்னாடி கோடே இருந்ததில்லன்னீங்க" என்றார் அதிகாரி.

"மறந்துட்டேன் ஐயா. அழகு பாத்துச் சொன்னது, மனசுல நிக்குமா?"

"நான் ஒண்ணு கேக்கலாங்களா?" என்றாள் அவள். அதிகாரி தலையசைத்தார். அவள் மேலாளர் பக்கம் திரும்பினாள். "சார், இந்தப் படத்துல வேற என்ன தப்பு இருக்கு?"

"தப்பா? ஒண்ணும் இல்லையே! நல்ல படம்தான்."

"நல்லாப் பாருங்க சார்."

அவர் பார்த்தார். அவருடைய சொந்த மலை. தினமும் ஏறி இறங்கிய மலை. எட்டு மாதம் அவர் அறை வாசலில் தொங்கிய மலை.

"கோபுரம் எந்தப் பக்கம் சார்?"

மேலாளரின் வலது கை தானாக மேலே எழுந்தது. பிறகு படத்தைப் பார்த்தார். கை அந்தரத்தில் நின்றது.

"மலையே பக்கம் மாறிக் கிடக்குதுங்க. என் தப்புதான், கண்ணாடி வைக்க மறந்துட்டேன். அது உங்க கண்ணுல படல. ஏணி இருக்கு, கம்பி இருக்கு, இரும்புச் சட்டம் இருக்கு, எல்லாம் கறுப்புக் கோடுதான். அதுல எதையும் எடுக்கச் சொல்லல. இந்த ஒண்ணு மட்டும் எப்படி சார் கண்ணைக் குத்துச்சு? அது என்னன்னு தெரிஞ்ச ஒருத்தருக்குத்தானே குத்தும்?"

பின்வரிசையில், பேருந்துத் தோழியின் புருஷன், மடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தவன், மெல்ல எழுந்து நின்றான். மேலாளரையே பார்த்துக்கொண்டு நின்றான். வக்கீல் தன் தாள்களை அடுக்கத் தொடங்கினார்.

வெளியே வந்ததும் தம்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவளுக்கு அழுகை வரவில்லை. "நாம ரெண்டு பேரும் தப்பிச்சோம்னு நெனைக்காதேடா" என்றாள். "நீ எழுதியிருந்தா, நான் அழிக்காம இருந்திருந்தா, அந்த ஆறு பேரும் இன்னைக்கு வேலைக்குப் போயிருப்பாங்க."

வழக்கிலிருந்து தம்பியின் பெயரை நீக்கினார்கள். பொய்ப் பதிவு எழுதியதற்காக இனி எங்கேயும் சரிவு பார்க்கிற வேலை அவனுக்குக் கிடையாது என்று உத்தரவு. அது நியாயம்தான் என்று அவனே சொல்கிறான். இப்போது பேருந்துப் பணிமனையில் சக்கரம் மாற்றுகிறான். செத்தவர்களின் தெரு வழியாக நடந்துதான் வேலைக்குப் போகிறான். சிலர் பேசுகிறார்கள், சிலர் இன்னும் பேசுவதில்லை.

மேலாளர்? விசாரணை அறிக்கை நாற்பது பக்கம். அதில் அவருக்கு ஒரு வரி: 'போதிய கவனம் செலுத்தவில்லை.' போதிய கவனம்! படத்திலே இருந்த மயிரிழையைக் கண்டுபிடித்துச் சுரண்ட வைத்தவருக்குக் கவனம் போதவில்லையாம். அறிக்கையைப் படித்துக் காட்டிய வீட்டுக்காரர் அந்த வரியில் நிறுத்தி, தப்பாகப் படித்துவிட்டோமோ என்று மறுபடி படித்தார். சரியாகத்தான் படித்திருந்தார்.

மேலாளரை அதே நிறுவனத்தின் இன்னொரு குவாரிக்கு மாற்றியிருக்கிறார்கள். அங்கே மலை இரண்டு மடங்கு உயரம். அடிவாரத்தில் நாற்பத்திரண்டு பேர்.

அவள் போன லீவு நாளில் தகடும் ஊசியுமாகப் பேருந்து ஏறி அங்கே போனாள். எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்து மடியில் தகட்டை வைத்ததுதான் தாமதம், காவலாள் வந்தான்.

"என்னக்கா பண்றீங்க?"

"மலைய வரையறேன்."

"அதெல்லாம் கூடாதுக்கா. போர்டப் பாக்கலையா?"

பார்த்தாள். புத்தம்புதுத் தகரப் பலகை. எழுத்து நன்றாகத்தான் எழுதியிருந்தது. 'இங்கு படம் எடுப்பதும் வரைவதும் தடை செய்யப்பட்டுள்ளது.' நிறுவனத்தின் எல்லாக் குவாரியிலும் அதே பலகை என்றான் காவலாள். ஆறு பேர் செத்து, நாற்பது பக்கம் எழுதி, அவர்கள் கற்றுக்கொண்ட பாடம் இதுதான். விரிசலைத் தடுக்க அல்ல, விரிசலைப் பார்ப்பதைத் தடுக்க ஒரு பலகை. அவள் தகட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

பேருந்து நிறுத்தத்திலிருந்து வரையலாம். அது யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் அங்கிருந்து மலை வெகுதூரம். நாற்பத்து மூன்று வயதுக் கண்ணுக்கு அவ்வளவு தூரத்தில் நிழல்தான் தெரிகிறது, கோடு தெரிவதில்லை.

ஆகவே இது உங்களுக்கு. உங்கள் ஊரிலும் ஒரு சரிவு இருக்கும். ஒரு தடுப்புச் சுவர், ஓர் அணைக்கரை, வெட்டிய மேடு ஏதாவது இருக்கும். அதன் அடியில் யாராவது உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருப்பார்கள். வரையத் தெரியாவிட்டால் பரவாயில்லை. இந்த வாரமே போய்ப் பாருங்கள். கோடு தெரிந்தால் ஒரு தாளில் அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கிறுக்கித் தேதி போடுங்கள். ஒரு பிரதியை ஆய்வு அலுவலகத்துக்கு அனுப்புங்கள், ஒன்றை அடியில் வேலை செய்கிறவர்கள் கையில் கொடுங்கள். பிறகு அலுவலக வாசலில் போய் நின்று, சரிவுப் பதிவேட்டைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். காட்டும்வரை கேளுங்கள்.